தோங் குடித்த தண்ணீர்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நம் தெருக்காரி ஒருத்தியைப் பார்த்தேன். அவளுக்கும் என் வயதுதான், காதும் என் காது மாதிரிதான், பாதி கேட்கும் பாதி கேட்காது. பாயாசத்தைக் குடித்து முடித்தவள் பெரிய ஞாபகசாலி மாதிரி ஆரம்பித்தாள். "ஜப்பான்காரன் காலத்துல உங்க சித்தி எண்ணெய்யில தண்ணி கலந்தாங்களே, ஞாபகம் இருக்கா?" எனக்கு வந்த ஆத்திரத்தில் என் கிண்ணத்தை அவள் மடியில் கவிழ்த்திருப்பேன். கிண்ணம் காலியாக இருந்ததால் அவள் பட்டுச்சேலை பிழைத்தது.

எண்பது வருஷத்தில் நாம் எத்தனையோ மறந்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நின்று பாடிய ஜப்பான் பாட்டில் ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை. மரவள்ளிக்கிழங்கைக் கண்டாலே ஓடிய நாம்தான் இப்போது அதைச் சீனி தொட்டு ஆசையாகச் சாப்பிடுகிறோம். சித்தி தண்ணீர் கலந்ததை மட்டும் மறக்க யாரும் தயாராக இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எனக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது, இனிமேலாவது அந்த மூடியைத் தேடிப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு மலாக்காவில், காஜா பெராங்கில், தெரு முனையிலிருந்து மூன்றாவது. போருக்கு முன் அப்பா ஒரு மளிகைக்கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தார். கை சுத்தம் என்று பெயர் எடுத்தவர். ஜப்பான்காரன் வந்தான், மண்ணெண்ணெய் மறைந்தது, அடுப்புக்கும் விளக்குக்கும் தேங்காய் எண்ணெயே கதி என்று ஆனது. தெருவுக்கென்று வரும் எண்ணெயை வைத்து அளந்து கொடுக்கும் பொறுப்பை ரேஷன் கந்தோர், அதுதான் ஜப்பான்காரன் ஆபீஸ், அப்பாவின் தலையில் கட்டியது.

எண்ணெய் ஆளுயரத்தில் பாதி இருக்கும் இரும்புப் பீப்பாயில் வந்தது. நம் பக்கத்தில் அதைத் தோங் என்போம். அதன் தலையில் கை நுழையாத ஒரு துளை, துளைக்கு ஓர் இரும்பு மூடி. வண்டியிலிருந்து இறக்கும்போதே மூடியைக் காணவில்லை. அப்பா ரப்பர் மரத்தில் ஓர் அடைப்பு செதுக்கி, சாக்குத் துணியைச் சுற்றித் துளையில் இறுக்கினார். இரும்பு மூடியைவிட இதுதான் உறுதி என்று இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டார்.

அடுத்தது அதை எங்கே வைப்பது என்ற கேள்வி. வீட்டுக்குள் வைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று வாசல் முற்றத்தில், தெருவே பார்க்கும்படி, ஒரு பொட்டு நிழல் இல்லாத இடத்தில் செங்கல் அடுக்கி நிறுத்தினார். பத்தடி தள்ளி ஒரு ரம்புத்தான் மரம் நிழலை விரித்துக்கொண்டு நின்றது. அதன் கீழே வைத்தால் கிளை மறைக்குமாம், தெருவுக்குத் தெரியாதாம். யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக வெயிலில் வைத்த தோங் அது. இதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மழை மேகம் கூடினால் போதும், அப்பா எங்களை விரட்டுவார். குழந்தைகளைக் குளிப்பாட்டும் தகரத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்த் தோங்கின் தலையில் கவிழ்ப்போம். மழை நீர் ஒரு சொட்டு அதன்மேல் விழுந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

எண்ணெய் அளக்க கந்தோர் குறித்துக் கொடுத்த நாட்கள் செவ்வாயும் வெள்ளியும். எந்த மகராசன் குறித்தானோ. அந்த இரண்டு நாளும் எண்ணெயை வீட்டை விட்டு வெளியே கொடுக்கக் கூடாது என்று நம் வீடுகளில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும், கேட்டு வந்தால் நாளைக்கு வா என்போம். அம்மா நடுங்கிப்போனாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒரு தெருவுக்கே எண்ணெயை அள்ளிக் கொடுத்தால் லட்சுமி வீட்டில் தங்குவாளா என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். கந்தோரிடம் போய் நாளை மாற்று என்று கேட்க அப்பாவுக்குத் துணிச்சல் இல்லை. கன்னத்தில் அறை வாங்கியவர்களை அவர் பார்த்திருந்தார்.

அம்மா தானே ஒரு பரிகாரம் கண்டுபிடித்தாள். அளந்து முடிந்ததும் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சளைக் கரைத்துத் தோங்கின் தலையில் ஊற்றுவாள். தோங்கின் தலையைச் சுற்றி ஒரு விரல் உயரத்துக்கு விளிம்பு உண்டு, அதனால் தட்டில் நிற்கிற மாதிரி தண்ணீர் அதில் நிற்கும். பக்கத்தில் குங்குமம், தண்ணீரில் ஒரு செம்பருத்திப் பூ. போகிற லட்சுமியைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைப்பதாக அவள் கணக்கு.

அளப்பை ஆறு மணிக்கு முடிக்க வேண்டும் என்பது உத்தரவு. யாருடைய ஆறு மணி? கடிகாரத்தையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளி வைத்திருந்தான் ஜப்பான்காரன். அவன் ஆறு மணி என்றால் நம் பழைய நேரத்துக்கு நாலரை. வெயில் நெற்றியில் அடிக்கும். தொட்டால் கை சுடும் தோங்கின் தலையில் அம்மா சில்லென்ற கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவாள்.

அளந்து கொடுத்தது சித்தி. அம்மாவின் தங்கை. அவள் வீட்டுக்காரர் மரம் வெட்டும் வேலைக்கு ஜொகூர் பக்கம் போய்ச் செய்தியில்லாமல் இருந்ததால் எங்களோடு தங்கியிருந்தாள். கம்பி கட்டிய சின்னக் குவளை ஒன்றைத் துளைக்குள் இறக்கி, நிறைந்ததும் அசையாமல் மேலே எடுப்பாள். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. அளந்து முடிந்து கையில் ஒட்டியிருக்கும் பிசுக்கைத் தன் தலையிலும் என் தலையிலும் தடவித் துடைப்பாள். தெருவில் எல்லார் தலையும் தேங்காய் நார் மாதிரி கிடந்தபோது எங்கள் இருவர் முடி மட்டும் பளபளத்தது. பாவி, அந்தக் கையைச் சேலையில் துடைத்திருக்கக் கூடாதா?

தோங் பேசும். உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? மத்தியானம் வெயில் ஏற ஏற அடைப்பைச் சுற்றி 'உஸ்' என்று மெல்லிய சத்தம் வரும். அம்மா தண்ணீர் ஊற்றியதும் கொஞ்ச நேரத்தில் 'டொம்' என்று ஒரு சத்தம் உள்ளே கேட்கும். லட்சுமி உட்கார்ந்துவிட்டாள் என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நானும் போட்டுக்கொண்டேன், பொய் சொல்லக் கூடாது.

சில வாரங்களில் ஓர் அதிசயம் நடந்தது. அப்பா மூங்கில் குச்சியை விட்டு மட்டம் பார்த்தபோது, இருக்க வேண்டியதைவிட எண்ணெய் கூடுதலாக இருந்தது. அளக்க அளக்கக் குறையவில்லை. அம்மாவின் பூசைக்குப் பலன் என்று இரண்டு பேரும் பூரித்துப்போனார்கள். அப்பா அதைத் தெருவிலும் சொல்லிக்கொண்டார். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா ஒருத்திதான் வேறு மாதிரி சொன்னாள். மலாக்காச் செட்டிகள் கோயிலுக்கு நம்மோடு வந்தாலும் பேசுவது மலாய்தானே. அவள் ஜன்னலிலிருந்து எங்கள் முற்றம் நன்றாகத் தெரியும். "தோங் இத்து மினும் ஆயர்" என்றாள், அந்தத் தோங் தண்ணீர் குடிக்கிறது என்று. சாமி கும்பிடத் தமிழ் தெரியாதவளுக்குப் பூசையைப் பற்றி என்ன தெரியும் என்று அம்மா சிரித்துவிட்டாள்.

எண்ணெய் அடிக்குப் போனதும் வினை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வாங்கிப் போனவர்கள் மறுநாள் காலையில் திரும்பி வந்தார்கள். விளக்குத் திரி பொரிகிறது, சட்டியில் ஊற்றினால் தெறிக்கிறது என்றார்கள். ஒருத்தி கையில் கொப்புளத்தோடு வந்திருந்தாள். அப்பா ஒரு நீளமான பப்பாளி இலைக் காம்பை வெட்டினார். அதன் உள்ளே குழாய் மாதிரி துளை இருக்குமே. தோங்கின் அடிவரை இறக்கி, மேல் நுனியைக் கட்டைவிரலால் மூடி எடுத்து, ஒரு கண்ணாடிக் கிளாஸில் விட்டார். மேலே கொஞ்சம் எண்ணெய், கீழே தண்ணீர். தெருவே நின்று பார்த்தது. தண்ணீரில் மஞ்சள் நிறம் ஓடியது. எண்ணெய்க் கசடு என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. விஷயம் கந்தோருக்குப் போனால் அவரை இழுத்துக்கொண்டு போவார்கள், திரும்பி வந்தாலும் நடந்து வரமாட்டார். அந்தப் பயம் எனக்கு இப்போது புரிகிறது. அப்போது புரிந்ததெல்லாம், அவர் கண் கூட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்து சித்தியின் தலைமுடியில் நின்றது மட்டும்தான்.

அவர் கட்டிய நியாயத்தைக் கேளுங்கள். தோங் நிறைந்திருந்தபோது தண்ணீர் இல்லை. சித்தி அள்ளி அள்ளிக் குறைந்த பிறகுதான் தண்ணீர் வந்தது. மழையோ விழவில்லை, தொட்டி கவிழ்த்தோம். அப்படியானால் அள்ளிய கைதான் எண்ணெயைத் திருடிவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. தெரு தலையாட்டியது. திருடிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் மட்டம் சரியாக அல்லவா இருந்திருக்கும், கூடுதலாக எப்படி இருக்கும்? அதைக் கொண்டாடி மூன்று வாரம் ஆகவில்லை. அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

சித்தி அழவில்லை. அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"நான் கலக்கல அத்தான். எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் கலக்கல."

"வேற யாரு கை அதுல பட்டுச்சு? நீயே சொல்லு" என்றார் அப்பா.

தெரு ஒரு முடிவுக்கு வந்தது. கந்தோருக்குச் சொல்ல மாட்டோம், அந்தக் கை இனிமேல் இந்தப் பக்கமே வரக் கூடாது. குருபோங்கில் சித்தியின் கொழுந்தன் வீடு இருந்தது. அந்த வீட்டு மாமியார் வாயை நினைத்தே சித்தி ஊரில் வேறு போக்கிடம் தேடி எங்களிடம் வந்தவள். அங்கேயே அனுப்புவது என்று ஆயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குருபோங் பக்கம் போகும் மாட்டுவண்டி ஒன்று கிடைத்தது.

நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. மிச்சமிருந்த மேல் எண்ணெயை அப்பாவே அளந்தார். அம்மா வழக்கம்போல் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். நான் செங்கல்மேல் ஏறி, தோங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சும்மாதான். 'டொம்' கேட்டது. பிறகு பூ நகர்ந்தது. காற்றே இல்லை, செம்பருத்தி தானாக நகர்ந்து போய் அடைப்போடு ஒட்டிக்கொண்டது. காதை வைத்தேன். சாக்குத் துணியின் வழியாக, குழந்தை பால் உறிஞ்சுகிற சத்தம். விளிம்பு நிறைய நின்ற மஞ்சள் தண்ணீர் என் கண் முன்னாலேயே இறங்கிக் கடைசியில் குங்குமம் மட்டும் ஈரமாக மிஞ்சியது. பக்கவாட்டில் ஒரு சொட்டு வழியவில்லை, நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

அம்மாவிடம் ஓடினேன். அவள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்லக் கத்தி நின்றது. தண்ணீர் மஞ்சளாக இருந்ததே அம்மா என்றும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவிடம் இதைச் சொல்லாதே என்றாள். நான் கேட்கிற பிள்ளையா? நேராக அப்பாவிடம் போனேன். தோங்குக்கு வாயா இருக்கிறது என்று காதைத் திருகினார். அப்புறம் அவருக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், அம்மாவைக் கூப்பிட்டார்.

"நீ ஊத்துற தண்ணி உள்ள போவுதா?"

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் நின்றுபோனது.

"பூசைத் தண்ணி எப்படிங்க உள்ள போவும்? அடைப்புதான் இறுக்கமா இருக்கே."

அவ்வளவுதான். அப்பா மறுபடியும் என் காதைத் திருகினார். சித்தி திரும்பத் துணியை அலச ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவினாள். கையில் எண்ணெய் இல்லை. "நீயாச்சும் பார்த்தியே, அது போதும்டி" என்றாள். எனக்குப் போதவில்லை. வண்டி திரும்பும்வரை நான் கத்திக்கொண்டே இருந்தேன், யார் காதிலும் விழவில்லை.

அடுத்த தோங் வந்தது. அப்பா பழைய அடைப்பையே போட்டார், வெயிலிலேயே வைத்தார். அளப்பும் அதே செவ்வாய், வெள்ளி. ஒன்றே ஒன்று மாறியிருந்தது. அம்மா குடத்தைத் தூக்கவில்லை. விரலால் குங்குமத்தைத் தொட்டுத் தோங்கின் பக்கவாட்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அப்பா கேட்டதற்கு மஞ்சள் கிடைப்பதில்லை என்றாள். அது உண்மைதான், ஆனால் அதற்கு முன்னும்தான் கிடைக்கவில்லை, எப்படியோ ஒரு சிட்டிகை தேடிவிடுவாளே.

தோங் முக்கால்வாசி காலியானதும் அப்பா தெருவைக் கூட்டினார். பப்பாளிக் காம்பை அடிவரை இறக்கி எடுத்துக் கிளாஸில் விட்டார். பொன் மாதிரி எண்ணெய், அடியில் தண்ணீர் இல்லை.

"பார்த்தீங்களா? அந்தக் கை போச்சு, தண்ணியும் போச்சு" என்றார்.

பழி போட்டபோதுகூட இரண்டொருவருக்குச் சந்தேகம் இருந்தது. இப்போது அதுவும் தீர்ந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று ஒரு கிழவர் சொன்னார். நான் உளறிக் கொட்டாமல் இருந்திருந்தால் அம்மா தொடர்ந்து ஊற்றியிருப்பாள், அடுத்த தோங்கிலும் தண்ணீர் வந்திருக்கும், சித்தி இல்லாமலேயே வந்திருக்கும், அவள் தப்பியிருப்பாள். நான் உண்மையைச் சொன்னேன், அந்த உண்மையே அவளைத் திருடியாக்கியது. இந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து, என் மகன் பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். சூடு ஏறினால் வாயுவின் கன அளவு கூடும், சூடு இறங்கினால் குறையும். பலூன் படம் ஒன்று. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவனைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். எண்ணெய் குறைந்த இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் அது உப்பி, சாக்குச் சந்து வழியாகக் கொஞ்சம் வெளியே போகிறது. குளிர்ந்த தண்ணீர் விழுந்ததும் மிச்சக் காற்று சுருங்கி, சுருங்கிய இடத்துக்கு எதையாவது இழுக்கிறது. அடைப்பைச் சுற்றி நின்றது மஞ்சள் தண்ணீர், அதை இழுத்தது. தோங் நிறைந்திருந்தபோது தண்ணீர் வராததற்கும் காரணம் அதுதான், உப்பவும் சுருங்கவும் உள்ளே காற்று இல்லை. இரண்டு வரி. ஒன்பது வயதில் இந்த இரண்டு வரியை யாராவது எனக்குச் சொல்லித் தந்திருக்கக் கூடாதா? அப்பாவுக்காவது யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

அப்பா அப்போது உயிரோடு இல்லை. சித்தியும் குருபோங்கிலேயே போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்காரர் ஜொகூரிலிருந்து திரும்பி வரவேயில்லை. அவளை எடுத்த அன்றும் பின்னால் யாரோ அந்தப் பழைய எண்ணெய்க் கதையைக் கிசுகிசுத்தார்கள், என் காதில் விழுந்தது. மிச்சமிருந்தது அம்மா மட்டும்தான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போய் ஒவ்வொன்றாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

"இதுக்குப் புஸ்தகம் எதுக்கு? நீ வந்து சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்டி."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல? அது உன் கூடப் பொறந்த தங்கச்சி."

சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னா உங்கப்பாவை இழுத்துக்கிட்டுப் போயிருப்பாங்கன்னு பயந்தேன். அப்புறம் சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அவரு தெருவையே கூட்டிக் காட்டிட்டாரு. நான் எங்க போயித் தெருவைக் கூப்பிடுறது?"

கோபத்தில் அவளோடு ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. பேசாமல் இருந்தேனே தவிர, நானும் தெருவைக் கூப்பிடவில்லை. அம்மா இருக்கும்வரை அவளுக்காக வாயை மூடினேன். அவள் போன பிறகு எதற்காக மூடினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பாயாசக்காரியைத் தள்ளிவிட்டால், அந்தத் தெருவில் வளர்ந்தவர்களில் இன்று மிச்சம் நீங்கள் நாலு பேர். அப்பா கிளாஸைத் தூக்கிக் காட்டியபோது உங்கள் அம்மாக்களின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். சித்தி தண்ணீர் கலக்கவில்லை. அம்மா ஊற்றினாள், தோங் குடித்தது, நான் பார்த்தேன். அடுத்த கல்யாணத்தில் பாயாசம் குடித்து முடித்ததும் இதைச் சொல்லுங்கள்.